படர்க்கையில் எழுதியது

"நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தரேன்"
என்றுவிட்டார் ஜோகி சார்.
வாட்டுத் தொட்டியில் இலை பரப்பும் நேரம்.
விசிறி இரைச்சலில்
எம்பிஏ என்பது மட்டும்தான் கேட்டிருக்கும் அவருக்கு.

ஆகவே கோத்தகிரியில் ஒரு ஜனவரி இரவு,
கேரட் பாத்திகளில் உறைபனி இறங்கிக்கொண்டிருக்க,
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
என்னைப் பற்றி நானே
படர்க்கையில் எழுத உட்கார்ந்தேன்.

யோகமலரை எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும்.
எனக்கே அவளை இருபத்தாறு ஆண்டுகளாகத் தெரியும்,
இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வராது.
யோகமலர் நேரம் தவறாதவர்.
அவளா, அவரா?
ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று,
அதில் ஒரு சௌகரியம்.

படிவம் கேட்டது:
தலைமைப் பண்பில் இவர்
முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்திலா, இருபத்தைந்திலா?
எங்கள் ஆபீஸில் மொத்தமே நாலு பேர்.
ஐந்து சதவீதம் என்றால்
எடைபோடும் ஹாலனின் இடது கை வரும்.
டிக் பண்ணினேன்.

அடுத்தது:
இவர் செய்த தவறு ஒன்று, அதிலிருந்து கற்றது.

ஈர இலைக்கு எட்டு விழுக்காடு கழிக்கவேண்டிய ஜூலையில்
கெங்கரை தெரேசம்மாள் கணக்கில் மட்டும்
பதினெட்டு கழித்திருந்தேன், மூன்று வாரம்.
தெரிந்தபோது யாரிடமும் வாய் திறக்கவில்லை.
ஆகஸ்டில் அவர் சாக்குக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ
கூட்டிக் கூட்டி எழுதித் தீர்த்தேன்.
ரசீதைப் பார்த்துவிட்டு ஒருநாள்
"வெயில் வந்தா இலை கனக்குமா கண்ணு?" என்றார்.

இதை எழுதி, அழித்து,
எக்செல் கற்றுக்கொண்டதை எழுதினேன்.

கேட் தேர்வில் தொண்ணூற்றாறு புள்ளி நாலு.
அதற்கு மேலே இருப்பவர்களை வைத்தே
எல்லா வகுப்பறையும் ரொம்பிவிடும்.
இனி ஏதாவது நடந்தால் இந்தக் காகிதத்தால்தான்.

கடைசி நாள் சாயங்காலம் சார் திருப்பிக் கொடுத்தார்.
வீட்டுக்குப் போய் ஸ்கேன் பண்ணும்போதுதான் பார்த்தேன்,
சீலுக்குக் கீழே, பச்சை மையில், தமிழில்:
கணக்கில் தப்புப் பண்ணினாள். சரிசெய்தாள். சொல்லவில்லை.

கத்தரித்துவிட ஒரு விரல் இழுப்பு போதும்.
கத்தரிக்கவில்லை.
நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம்.
மணி பதினொன்று ஐம்பத்தேழு,
சிக்னல் ஒற்றைக் கோடு,
பாதி ஏறிவிட்டிருந்தது.

பெங்களூரில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
"உங்கள் மேலாளர் கையால் ஏதோ எழுதியிருக்கிறாரே,
என்ன அது?"
கடின உழைப்பாளி என்று சொல்லியிருக்கலாம்.
பச்சை மைக்கு வாய் கிடையாது.

எட்டாம் வகுப்பில் ஒப்பித்தது:
தன்மை, முன்னிலை, படர்க்கை.
'நான்' இருக்கும் இடத்துக்குத் தன்மை என்று பெயர் வைத்தவர்
எந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாரோ.

அவள் என்று தொடங்க நா எழவில்லை.
கணக்கில் தப்புப் பண்ணினேன்.
சரிசெய்தேன்.
சொல்லவில்லை, என்றேன்.
கண்ணாடி போட்டவர் பேனாவை மூடினார்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் பஸ்ஸில்
வளைவுக்கு ஒன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் பட்டியல்.
காத்திருப்போர் வரிசையில் முப்பத்தெட்டு.
மே கடைசியில் இருபத்திரண்டு.
என்னாச்சு என்று சார் ஒருநாளும் கேட்கவில்லை.
புதுப் பையன் ஒருவனை அனுப்பி
லெட்ஜர் சொல்லிக்கொடு என்றார், அவ்வளவுதான்.

நேற்று பதினேழு.
இன்றும் பதினேழு.
மழை பிடித்துவிட்டது.
தெரேசம்மாள் சாக்கைத் தராசில் ஏற்றுகிறார்,
அடியில் நீர் சொட்டுகிறது.
பையன் பார்க்க, கழிவு எட்டு என்று எழுதுகிறேன்.
தலையை நீட்டி அவரும் பார்க்கிறார்.
"எட்டுதானே?"